வானம் பார்த்த வயலின் நெல்: பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் பணி

வருசநாட்டு மலையில் புறப்படும் வைகை, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களைக் கடந்து, மிச்சத் தண்ணீர் இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேரும். மிச்சம் இல்லாமல் போன ஆண்டுகள் பல. ஆற்றின் கடைமடையில் இருக்கும் இந்தச் சீமையில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளைகிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பத் தயங்குவார்கள். அந்த நெல்லில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையையும், அந்த மழை நிரப்பும் கண்மாய்களையும் மட்டுமே நம்பி நிற்கிறது. அந்த நெல்லையே தன் பொறுப்பாக ஏற்று உழைத்து வருவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். அதன் பணியை இந்த மலரில் பதிவு செய்வது, மானாவாரி நெல் சாகுபடி இந்த மண்ணில் எப்படி முன்னேறியது என்பதையே பதிவு செய்வதாகும்.

மண்ணும் மழையும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 820 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அளவை மட்டும் பார்த்தால் நெல்லுக்குப் போதாத மழை என்று சொல்லிவிட முடியாது. சிக்கல் அது பெய்யும் விதத்தில் இருக்கிறது. பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய சில வாரங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. நடுவில் பத்து நாள், பதினைந்து நாள் காய்ச்சல் வருவதும் வழக்கம். மார்கழி பிறந்தால் மழையை எதிர்பார்ப்பதற்கில்லை.

மண்ணும் ஒரே மாதிரி கிடையாது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல். கடற்கரையை நெருங்க நெருங்க மணலும் உவரும். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரங்கள்தான் மாவட்டத்தின் நெற்களஞ்சியம். ஆனால் அங்கும் கண்மாய் பெருகினால்தான் களத்தில் நெல் குவியும்.

இந்த நிலைமைக்கு ஏற்றாற்போல் நம் விவசாயிகள் வெகுகாலமாகவே ஒரு முறையை வைத்திருந்தார்கள். அதுதான் புழுதி விதைப்பு. நாற்றங்கால் இல்லை, தொளி உழவு இல்லை, நடவும் இல்லை. கோடை மழையில் உழுது போட்ட புழுதியில், ஆவணி கடைசியிலோ புரட்டாசியிலோ, மழைக்கு முன்பே விதையைத் தூவிவிடுவார்கள். மழை விழுந்ததும் விதை முளைக்கும். கண்மாய்க்குத் தண்ணீர் வந்த பிறகு மடையைத் திறந்து வயலில் நீர் கட்டுவார்கள். புஞ்சைப் பயிராகத் தொடங்கி நஞ்சைப் பயிராக முடியும் இந்தச் சாகுபடியை வேளாண் துறையினர் பகுதி உலர் நெல் என்பார்கள். நிலையம் தன் ஆராய்ச்சியை இந்த முறையின் மேல்தான் கட்டியெழுப்பியது.

நெல் ஆராய்ச்சியின் வழித்தடம்

தமிழ்நாட்டில் நெல் ஆராய்ச்சிக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. கோயம்புத்தூரில் 1912-லேயே நெல் இனவிருத்தி நிலையம் வந்துவிட்டது. ஆடுதுறை நிலையம் 1922-லும், அம்பாசமுத்திரம் நிலையம் 1937-லும், திரூர் நிலையம் 1942-லும் தொடங்கின. ஆடுதுறை காவிரிப் பாசனத்துக்கும், அம்பாசமுத்திரம் தாமிரபரணிப் பாசனத்துக்கும் ஏற்ற ரகங்களைத் தந்தன. பிறகு 1966-ல் ஐ.ஆர். 8 வந்தது. குட்டை நெல்லும் ரசாயன உரமும் சேர்ந்து பசுமைப் புரட்சியாயின.

அந்தப் புரட்சியின் பலன் தண்ணீர் உறுதியாகக் கிடைத்த வயல்களுக்கே முழுமையாகப் போய்ச் சேர்ந்தது. குட்டை ரகங்கள் உரத்தை வாங்கி விளைச்சலைக் கொட்டும். ஆனால் வேருக்கு ஈரம் இருந்தாக வேண்டும். மழை பதினைந்து நாள் பொய்த்தால் இலை சுருண்டு, தூர் கட்டாமல், கதிர் தொண்டையிலேயே நின்றுவிடும். ராமநாதபுரம் விவசாயி நாட்டு ரகத்தை விட்டுவிடவும் முடியவில்லை, புது ரகத்தை நம்பவும் முடியவில்லை. நாட்டு ரகம் வறட்சியைத் தாங்கும், ஆனால் விளைச்சல் குறைவு. புது ரகம் விளைச்சல் தரும், ஆனால் வறட்சியில் கைவிட்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நெல்லைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பரமக்குடி எடுத்துக்கொண்டது.

நான்கு ரகங்கள்

முதல் பலன் 1985-ல் கிடைத்தது. பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த அதே ஆண்டில், கோ 25, ஏ.டி.டி. 31 ஆகியவற்றை ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய பி.எம்.கே. 1 வெளிவந்தது. மானாவாரி நெல்லுக்கென்றே ஒரு ரகம் உருவாக்க முடியும் என்பதைக் காட்டியது அந்த வெளியீடு. அடுத்து 1994-ல் பி.எம்.கே. 2 வந்தது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வளர்ப்பு ஒன்றும், அம்பாசமுத்திரத்தின் பழைய ரகமான ஏ.எஸ்.டி. 4-ம் அதன் பெற்றோர்.

பிறகு 2003-ல் வெளிவந்த பி.எம்.கே. (ஆர்) 3 நிலையத்தின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மேட்டு நில நெல்லான யு.பி.எல்.ஆர்.ஐ. 7 ஒரு பக்கம். உவரைத் தாங்கும் நம் கோ 43 மறு பக்கம். வயது 110 முதல் 115 நாள். மானாவாரியில் ஹெக்டேருக்கு மூன்று டன் அளவில் விளைச்சல் எடுக்கலாம் என்ற நம்பிக்கையை இந்த ரகம் தந்தது.

நான்காவது ரகம் 2009-ல் வந்தது. பந்த்தான் 10, ஐ.இ.டி. 9911 ஆகியவற்றின் ஒட்டு அது. அறிஞர் அண்ணா நூற்றாண்டுக் காலத்தில் வெளிவந்த அந்த ரகம் அவர் பெயரையே ஏற்று அண்ணா (ஆர்) 4 ஆயிற்று. வயது 100 முதல் 105 நாள். நீண்ட, சன்னமான வெள்ளை அரிசி. மானாவாரியில் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 3.7 டன் அளவு.

இந்த வயதுக் கணக்கில்தான் மானாவாரி நெல்லின் சூட்சுமம் இருக்கிறது. புரட்டாசி நடுவில் ஒரு நல்ல மழை பெய்து விதை முளைத்ததாக வைத்துக்கொள்வோம். அறுப்புக்குச் சுமார் 30 நாளுக்கு முன்பு நெல் பூக்கும். 100, 105 நாள் ரகம் கார்த்திகை கடைசியில் பூத்து, மார்கழி முடிவில் அறுப்புக்கு வந்துவிடும். 130 நாள் ரகம் மார்கழி கடைசியில்தான் பூக்கும். தை முழுக்க வயலில் நிற்க வேண்டும். நெல் வறட்சிக்கு மிகவும் அஞ்சும் பருவம் பூக்கும் பருவம். அந்த ஒரு வாரத்தில் ஈரம் இல்லாவிட்டால் மகரந்தம் கெட்டு, மணி பிடிக்காமல், கதிரெல்லாம் சாவியாகிவிடும். கார்த்திகை மழையின் ஈரம் மண்ணில் இருக்கும்போதே பூத்துவிடும் பயிர், பாதி ஆபத்தைத் தாண்டிவிட்ட பயிர்.

விதைக்கு முன்னும் பின்னும்

ரகத்தை மட்டும் கொடுத்துவிட்டு நிலையம் ஒதுங்கிவிடவில்லை என்பதே இந்த வரலாற்றில் நாம் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி. நல்ல விதையைக் களைக்கு நடுவே தூவிவிட்டு விளைச்சலை எதிர்பார்க்க முடியாது. பல்கலைக்கழகமும் அதன் ஆராய்ச்சி நிலையங்களும் மானாவாரி நெல்லுக்கென்று வகுத்த சாகுபடி முறைகள் ஒவ்வொன்றும் சிறிய வேலைகள். சேர்த்துச் செய்தால் பெரிய பலன் தருபவை.

முதல் வேலை கோடை உழவு. சித்திரை, வைகாசியில் ஒரு மழை கிடைத்தால் உடனே உழுதுவிட வேண்டும். மண் பொலபொலப்பாகி அடுத்த மழையை உள்ளே வாங்கிக்கொள்ளும். கோரைக் கிழங்கும் கூட்டுப்புழுக்களும் வெயிலில் காய்ந்து மடியும். மழை நீரைச் சேமிக்கும் வேலை கண்மாயில் தொடங்குவதற்கு முன்பே வயலில் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது வேலை விதையைக் கடினப்படுத்துவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செலவு மிகக் குறைவு, பலன் அதிகம் என்பதால். ஏக்கருக்கு 30 கிலோ விதை என்று கொள்வோம். 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாஷ் உரத்தைக் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். அதில் விதையை 16 மணி நேரம் ஊற வைக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குப் போட்டால் மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்துவிடலாம். வடித்து, நிழலில் பரப்பி, பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். வெயிலில் காயப்போடக் கூடாது. ஊறும்போது விதைக்குள் முளைப்பு வேலை தொடங்கி, உலர்த்தும்போது பாதியில் நிற்கிறது. வயலில் ஈரம் பட்டதும் அந்த விதை விட்ட இடத்திலிருந்து விரைவாகத் தொடர்கிறது. முளைத்த பிறகு வரும் முதல் காய்ச்சலையும் தாக்குப்பிடிக்கிறது. விதைக்கும் நாளில் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து, அதன்பிறகு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா உயிர் உரங்களையும் சேர்த்துக்கொண்டால் வேர் நோய்க்கும் ஒரு தடுப்பு கிடைக்கும்.

மூன்றாவது, விதைக்கும் நாளும் விதைக்கும் விதமும். முதல் மழை பெய்த பிறகு உழுது விதைக்கலாம் என்று காத்திருந்தால், கரிசலில் ஏர் இறங்க ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகிவிடும். அந்த இரண்டு வாரத்தைப் பயிர் கடைசியில், பூக்கும் காலத்தில், திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் மழைக்கு முன்பே விதைக்கும் நம் பழைய வழக்கத்தை ஆராய்ச்சியும் ஆதரித்தது. அதில் ஒரு திருத்தம் மட்டும் செய்தது: கையால் தூவுவதற்குப் பதில் விதைப்புக் கருவி. தூவிய வயலில் சில விதைகள் மேலாகவே கிடக்கும். லேசான தூறலில் அவை முளைத்து, அடுத்த வெயிலில் கருகிவிடும். பறவைக்கும் எறும்புக்கும் போவது தனி. கருவியோ விதையை 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 20 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இறக்குகிறது. அந்த ஆழத்துக்கு ஈரம் போகிற அளவுக்கு மழை பெய்தால்தான் விதை விழிக்கும். தூறலை நம்பி ஏமாறாது. விதைத்த பிறகு பலகை ஓட்டி மண்ணை அமுக்கிவிட்டால் ஈரம் விதையை நன்றாகப் பற்றிக்கொள்ளும்.

நான்காவது வேலை களை எடுப்பது. நடவு வயலில் தேங்கி நிற்கும் நீரே பாதிக் களையை அடக்கிவிடும். புழுதி வயலில் அந்தக் காவல் இல்லை. நெல்லோடு சேர்ந்தே களையும் முளைக்கும். மானாவாரி நெல்லின் விளைச்சலைத் தின்பதில் வறட்சிக்கு அடுத்த இடம் களைக்குத்தான். நனையும் மழை கிடைத்ததும், களை தலைகாட்டும் முன்பு, பென்டிமெத்தலின் தெளிக்கலாம். முளைத்த 15 முதல் 21 நாளுக்குள் முதல் களையும், 30 முதல் 45 நாளுக்குள் இரண்டாம் களையும் எடுத்தாக வேண்டும். வரிசை விதைப்பின் முழு அருமை இங்கேதான் தெரியும். வரிசைகளுக்கு நடுவே களைக்கருவியை ஓட்டிக்கொண்டே போகலாம். தூவிய வயலில் களை எடுக்கும் பெண்கள் குனிந்தபடியே, நெல் எது, குதிரைவாலிக் களை எது என்று இலையைப் பிடித்துப் பார்த்துப் பிடுங்க வேண்டும். கூலியும் நாளும் இரட்டிப்பாகும்.

ஐந்தாவது, உரம். ஏக்கருக்கு 300 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தோடு, கொடுக்க வேண்டிய மணிச்சத்தைக் கலந்து மூடி வைத்து, ஊட்டமேற்றிய தொழு உரமாக அடியுரத்தில் இட வேண்டும். மணிச்சத்து மண்ணில் பூட்டிக்கொள்ளாமல் வேருக்குக் கிடைக்கும். யூரியாவை நாட்காட்டி பார்த்து இடக் கூடாது. மழை பார்த்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது பிரித்து இட வேண்டும். நீர் கட்டாத வயலில் இளம் பயிர் சில இடங்களில் வெளிர் மஞ்சளாகத் தெரியும். தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியாவை வாரி இறைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறை. காற்றோட்டமான மண்ணில் இரும்பு கரையாமல் நிற்பதால் வருவது. இரும்பு சல்பேட் கரைசலை இலையில் தெளித்தால் பச்சை திரும்பும்.

கடைசியாக, காய்ச்சல் காலத்துக்கான முதலுதவி. ஒரு சதவீதப் பொட்டாஷ் கரைசலையோ மூன்று சதவீதக் கயோலின் கரைசலையோ இலைவழி தெளித்தால், இலை வழியே நீர் போவது குறைந்து, அடுத்த மழை வரும்வரை பயிர் சில நாள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

நொறுங்கன் தந்த பாடம்

நிலையம் விவசாயிக்குக் கற்றுக்கொடுத்ததைப் போலவே, விவசாயியிடமிருந்தும் கற்றுக்கொண்டது. நொறுங்கன், நூற்றிப்பத்து, குழியடிச்சான், கல்லுருண்டை, குருவிக்களையான் என்று இந்தச் சீமை தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த நாட்டு நெல்கள் உண்டு. விளைச்சல் குறைவு என்று ஒதுக்கப்பட்ட இவை, வறட்சி ஆராய்ச்சிக்குப் பெரும் புதையலாக அமைந்தன.

கோயம்புத்தூர் விஞ்ஞானிகள் ஐ.ஆர். 20-ஐயும் நூற்றிப்பத்தையும் ஒட்டுச் சேர்த்து, அதன் சந்ததிகளைப் பரமக்குடியின் மானாவாரி வயல்களில் வளர்த்து, வறட்சியிலும் விளைச்சல் தரும் குணம் எந்த மரபணுப் பகுதிகளில் இருக்கிறது என்று தேடினார்கள். ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் வறட்சி வேறு, ராமநாதபுரத்து வறட்சி வேறு. பரமக்குடி நிலம் இந்த ஆராய்ச்சிக்கு உண்மையான பரீட்சைக்களமாக இருந்தது. பிறகு 2020-ல் கோயம்புத்தூரிலிருந்து கோ 53 என்ற வறட்சி தாங்கும் ரகம் வெளிவந்தது. அதன் ஒரு பெற்றோர் பரமக்குடியின் பி.எம்.கே. (ஆர்) 3, மற்றொன்று நம் ஊர் நொறுங்கன். நாட்டு நெல்லை மறக்காமல் பாதுகாத்து வைத்த விவசாயக் குடும்பங்களுக்கு நெல் ஆராய்ச்சி செலுத்திய நன்றி என்றே அதை நான் மதிக்கிறேன்.

ராமநாதபுரத்தில் கடலோர உவர் நில ஆராய்ச்சி மையமும், அதே வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இயங்குகின்றன. ரகங்களையும் முறைகளையும் செயல்விளக்கத் திடல்கள் வழியாகவும் பயிற்சிகள் வழியாகவும் ஊர்களுக்குக் கொண்டுசேர்ப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. பக்கத்து வயலில் வரிசையாக நிற்கும் பயிரைக் கண்ணால் பார்த்த விவசாயிக்கு அதற்குமேல் பிரசங்கம் தேவைப்படுவதில்லை.

மழையே இல்லாத ஆண்டு

ஒரு நிலையத்தின் வரலாற்றில் அதன் எல்லையையும் எழுதியாக வேண்டும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் காணாத வறட்சி அது. 2017 ஜனவரியில் அன்றைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் எந்த ரகமும், எந்தக் கரைசலும் பயிரை முழுதாகக் காப்பாற்றிவிடாது. வறட்சியைத் தாங்கும் நெல் என்றால் தண்ணீரே வேண்டாத நெல் என்று பொருள் இல்லை. மழை இருபது நாள் தள்ளிப் போனாலும், நடுவில் விட்டு விட்டுப் பெய்தாலும் சாவியாகாமல் மகசூல் தரும் நெல் என்றே பொருள்.

ஆகவே கண்மாயைத் தூர்வாருவதும், வரத்துக் கால்வாயில் ஆக்கிரமிப்பை அகற்றுவதும், வயலில் பண்ணைக் குட்டை வெட்டுவதும், உரிய நாளுக்குள் பயிர்க் காப்பீடு செய்வதும் நெல் சாகுபடியின் பகுதிகளே. பால் பிடிக்கும் பருவத்தில் குட்டையிலிருந்து விடும் ஒரே ஒரு தண்ணீர், மொத்தப் பருவத்தின் உழைப்பையும் மீட்டுத்தரக்கூடும். 100 நாள் ரகத்துக்கு அந்த ஒரு தண்ணீரைச் சேமித்து வைப்பது நடக்கக்கூடிய காரியம். 130 நாள் ரகத்துக்கு அது எட்டாத காரியம். நல்ல ரகமும் நல்ல நீர் நிர்வாகமும் ஒன்றையொன்று தாங்குவது இப்படித்தான்.

இனி ஆக வேண்டியவை

நான்கு ரகங்களைத் தந்த நிலையத்திடம் இந்த மாவட்டம் இன்னும் எதிர்பார்க்கிறது. வறட்சியோடு உவரையும் சேர்த்துத் தாங்கும் நெல் கடலோர ஊர்களுக்கு வேண்டும். அறுப்புக் காலத்தில் எதிர்பாராமல் பெய்யும் மழையில் சாய்ந்து முளைத்துவிடாத நெல் வேண்டும். சான்று பெற்ற விதை, ஆடி முடிவதற்குள் விவசாயி கைக்கு வந்து சேர வேண்டும். புரட்டாசியில் வரும் விதையால் பயன் பாதிதான்.

மறுபக்கம் நம் கடமையும் இருக்கிறது. விதைக் கடினப்படுத்தலுக்கு ஏக்கருக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனாலும் ஊறவைத்து உலர்த்தும் அந்த ஒரு நாள் வேலையை இன்றும் பலர் செய்வதில்லை. விதைப்புக் கருவி உள்ளூரில் கிடைக்காததால் தூவி விதைப்போர் ஏராளம். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு விதைப்புக் கருவியாவது வாடகைக்குக் கிடைக்க வேண்டும். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் மனம் வைத்தால் ஓரிரு பருவங்களில் இதைச் சாதித்துவிடலாம். நாட்டு ரகங்களைக் கொஞ்சமாவது பயிரிட்டு உயிரோடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஆதரவு வேண்டும். அடுத்த கோ 53 அந்தக் குதிர்களிலிருந்துதான் வரப்போகிறது.

பெய்யும் மழையைக் கூட்டும் சக்தி எந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் கிடையாது. அதே மழையில் கூடுதல் நெல் எடுக்க முடியும் என்பதைப் பரமக்குடி நாற்பதாண்டு உழைப்பில் மெய்ப்பித்திருக்கிறது. சரியான வயதுள்ள விதை, சரியான நாளில், சரியான ஆழத்தில் விழுந்து, களையில்லாத வயலில் வளர வேண்டும். வழிமுறை தெரிந்துவிட்டது, அதை ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் கொண்டுசேர்ப்பதே இனி நிலையத்துக்கும் நமக்கும் உள்ள வேலை.